பாட்டு முடிந்த இடத்தில் வேறு பாட்டைக் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

மிச்சடேப்:
'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. 1986, இளையராஜா, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கை, வி.எஸ். நரசிம்மன் வயலின், எல்லாம் சரி. என் பிரச்சினை வேறு. என்னுடையது ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய அறுபது நிமிடக் கேசட். கடைக்காரர் வரிசையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி, ஏ பக்கக் கடைசியில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' போட்டு, கொஞ்சம் டேப் மிச்சமிருக்கிறதே, வீணாகக் கூடாதென்று எல்.ஆர். ஈஸ்வரியின் 'செல்லாத்தா'வில் ஒன்றரை நிமிடம் ஏற்றிக் கொடுத்துவிட்டார். ஆடி மாதம், கையில் அதுதான் இருந்திருக்கும். பத்து வருடம் அப்படியே கேட்டேன். போன மாதம் நண்பர் வீட்டில் பெரிய ஸ்பீக்கர், விளக்கை அணைத்தாயிற்று, முறையாகப் பியானோ படித்த நாலு பேர் கண்ணை மூடிக் கேட்கிறார்கள். வயலின் ஓய்ந்தது. ஒருத்தரும் மூச்சு விடவில்லை. நான் "செல்லாத்தா..." என்று எடுத்துவிட்டேன். சத்தமாக, கையைத் தட்டிக்கொண்டு. அதில் ஒருவர் மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தார் பாருங்கள், இன்னும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

அரைக்கட்டை:
எனக்குச் சுருதியிலேயே கோளாறு. 'நத்திங் பட் விண்ட்' 88ல் வந்த இளையராஜா ஆல்பம், அப்பாவின் கேசட் டெக்கில்தான் கேட்டு வளர்ந்தேன். பெல்ட் தளர்ந்து அரைக்கட்டை இறங்கி ஓடியது என்று யாருக்குத் தெரியும்? என் ஹரிபிரசாத் சௌராசியா ஆற அமரப் புல்லாங்குழல் ஊதுவார். முதல்முறை செல்போனில் கேட்டபோது அவருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். யாரோ வேகத்தைக் கூட்டி ஏற்றிவிட்டார்கள் என்று தோழியிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். அவள் பேசாமல் சிடியைப் போட்டாள். அதிலும் அதே அவசரம். இப்போது ஆப்பில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறேன், வேகம் குறைகிறது, கட்டை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

பழையடெக்:
பெல்ட்டாக இருக்காது. பெல்ட் தளர்ந்தால் பாட்டு ஆடும், கூடிக் குறையும். சீராக அரைக்கட்டை இறங்கியிருந்தால் அது மோட்டார். மோட்டாரின் பின்பக்கம் சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே ஒரு ஸ்க்ரூ, மெல்லிய டிரைவரால் துளி திருப்பினால் போதும், விநாடிக்கு 4.75 சென்டிமீட்டர் டேப் ஓட வேண்டும், அதுதான் கணக்கு. இருவருமே கேசட்டை இன்னும் வைத்திருந்தால் தயவுசெய்து உடனே போட்டுப் பார்க்காதீர்கள். டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை, அது டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் துடைத்து, முதலில் ஒருதரம் கடைசிவரை ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றி, அப்புறம்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதையும் ஒயர் போட்டு, மைக் வைத்து இல்லை. மைக் வைத்தால் மின்விசிறிதான் பதிவாகும், சொன்னால் யார் கேட்கிறார்கள்.

என் கதை சின்னது. மாமாவின் நாகூர் ஹனிபா கேசட் கோடையெல்லாம் ஜன்னலோரம் கிடந்தது. சூட்டில் டேப்பின் ஒரு சுற்றில் உள்ளது அடுத்த சுற்றில் லேசாக அச்சாகிவிடும், அதனால் பாட்டு தொடங்க இரண்டு விநாடி முன்னாலேயே அந்தக் குரல் எங்கோ தொலைவில் கேட்கும். மாமா மௌத்தான வீட்டில் அதைப் போட்டார்கள். அந்த இரண்டு விநாடியில் மாமி திரும்பி வாசலைப் பார்த்தார்.

அரைக்கட்டை:
டெக்கை அப்பா பழைய இரும்புக்காரருக்குப் போட்டே இருபது வருடமாகிறது. ஸ்க்ரூவை எங்கே போய்த் திருப்ப? எனக்குச் சரியான வேகம் வேண்டாம், அந்த வேகம்தான் வேண்டும்.

மிச்சடேப்:
என் கேசட்டும் இல்லை. ஊரில் சோளக்கொல்லைக்குக் கிளி விரட்ட அப்பா டேப்பை உருவிக் குச்சிக்குக் குச்சி கட்டிவிட்டார். போன வருடம் போயிருந்தபோது ஒரு துண்டு பாக்கி இருந்தது, காற்றடித்தால் ம்ம்ம் என்கிறது. ஏ பக்கமா பி பக்கமா தெரியவில்லை.