நோட்டீஸ் திரும்பி வந்துருச்சு, அடுத்து என்ன பண்ணணும்?

வணக்கம் மக்களே, லேபர் கேஸ் பாத்தவங்க யாராவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. என் தம்பி கோயம்புத்தூர்ல சென்ட்ரிங் வேலைல சாரத்துல இருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு, இன்னும் வாக்கர் புடிச்சுதான் பாத்ரூம் வரைக்கும் போறான். நாங்க மனு போட்டப்ப நடப்புல இருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல விபத்து நடந்த ஊர்லதான் போடணும்னு இல்ல, நாம குடியிருக்கிற ஊர்லயும் போடலாம்னு வக்கீல் சொன்னதால எங்க மாவட்டத்தைப் பாக்குற தொழிலாளர் துணை ஆணையர்கிட்டயே மனு போட்டோம், 2 வருஷத்துக்குள்ளயே போட்டாச்சு. ஆனா அப்படிப் போட்டா கோயம்புத்தூர் தொழிலாளர் துணை ஆணையருக்கும் தகவல் போகணுமாமே, அது போன பிறகுதான் விசாரணையே ஆரம்பிப்பாங்களா?

இப்ப பெரிய பிரச்சனை கான்ட்ராக்டருக்குப் போன நோட்டீஸ். கவர் மேல சிவப்பு மைல 'விலாசத்தில் இல்லை'ன்னு எழுதி ஏடி கார்டு (வாங்கினவர் கையெழுத்தோட நமக்குத் திரும்பி வர்ற அட்டை) கிழிக்காம அப்படியே திரும்பி வந்துருச்சு. அந்தாளு அதே வீட்லதான் இருக்காரு, போன வாரம் கூட மாமா கண்ணால பாத்துட்டு வந்தாரு!! மறுபடி ரிஜிஸ்டர் தபாலா, இல்ல பேப்பர்ல விளம்பரம் குடுக்க நாமளே மனு போடணுமா, அதுக்கு எவ்வளவு செலவாகும்?

இன்னொண்ணு, அந்த 1923 சட்டத்தோட 12வது பிரிவுல கான்ட்ராக்ட் விட்ட கம்பெனியும் பொறுப்புங்கறாங்க, அவங்கள நாங்க சேக்கல. இப்ப எதிர்மனுதாரரா சேத்தா அவங்களுக்கும் புதுசா நோட்டீஸ் போய் வாய்தா முதல்ல இருந்து ஆரம்பிக்குமா? 3 மாசத்துல முடிக்கணும்னு அந்தச் சட்டத்துலயே இருந்துச்சு, எங்களுக்கு நோட்டீஸ் சேர்றதுலயே அது ஓடிருச்சு. அடுத்த வாய்தா 2 வாரத்துல, தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.