பி.காம். முடிப்பதற்குள் கணக்கு வேலைக்கு எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்?

கரூர் மாணவன்:

வணக்கம். கரூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாலை நேரத்தில் மூன்று மாத டாலி (கணக்கு மென்பொருள்) வகுப்பும் முடித்திருக்கிறேன். போன வாரம் ஒரு ஜவுளி நிறுவனத்தில் பகுதி நேர வேலைக்காக நேர்காணலுக்குப் போனேன். மேலாளர் ஒரு மாத வங்கி அறிக்கையையும் அவர்களே எழுதும் வங்கி ஏட்டின் அச்சுப் பிரதியையும் என் முன்னால் வைத்து, "இரண்டிலும் இருப்பு ஏன் வேறுபடுகிறது என்று அரை மணி நேரத்தில் சொல்லுங்கள்" என்றார். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் கணக்கைத் தேர்வில் முழு மதிப்பெண்ணுக்குப் போட்டவன் நான். ஆனால் அந்தத் தாள்களைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. வங்கித் தாளில் வரவு என்று இருந்த தொகை ஏட்டில் பற்று என்று இருந்தது. அதிலேயே குழம்பி நின்றுவிட்டேன்.

அப்பா தறி ஓட்டுகிறார். படிப்பு முடிந்த உடனே நான் வேலைக்குப் போயாக வேண்டும். இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. அதற்குள் எதைக் கற்றுக்கொண்டால் இப்படி விழிக்க மாட்டேன்? ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது. அது பெரிய குறையா?

கோவை வாசகர்:

எக்செல் கற்றுக்கொள்ளுங்கள். டாலி எல்லாரும் படித்துவிட்டு வருகிறார்கள், எக்செலில் ஒரு பட்டியலை வரிசைப்படுத்திக் கூட்டத் தெரிந்தவர்கள் குறைவு. ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் பெரிய நிறுவனத்துக்குள் நுழைய முடியாது.

திருப்பூர் கணக்கர் அக்கா:

தம்பி, நான் திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களில் 2005 முதல் கணக்கு எழுதுகிறேன். உங்களைப் போல பி.காம். முடித்த கையோடு வந்தவள்தான். நேர்காணலில் நீங்கள் நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் கைக்குப் பணம் வந்தால் வரவு என்போம். பாடப் புத்தகமோ ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுதச் சொல்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பலர் இந்த ஒரு சொல்லில்தான் தடுக்கி விழுகிறார்கள். வங்கித் தாள் என்பது வங்கி தன் பக்கத்திலிருந்து எழுதிய கணக்கு. நாம் போட்ட பணம் வங்கிக்கு நம்மிடம் பட்ட கடன், ஆகவே அவர்கள் வரவு எழுதுகிறார்கள். நமக்கோ அது வங்கியிடம் இருக்கும் சொத்து, ஆகவே நாம் பற்று எழுதுகிறோம். ஒரே தொகையை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான். இது பிடிபட்டால் கையில் பென்சிலை எடுத்து, இரண்டு தாளிலும் ஒத்துப்போகும் தொகைகளை ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டே வாருங்கள். டிக் இல்லாமல் மிஞ்சுபவைதான் விடை. நாம் கொடுத்து இன்னும் வங்கிக்குப் போகாத காசோலை, வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம், யாரோ நேரடியாகக் கணக்கில் போட்டு நமக்குச் சொல்லாத பணம், இப்படி ஏதாவது இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு எங்கள் அலுவலகத்தில் கையால் எழுதும் பேரேடு இருந்தது. ஒரு மாத இறுதியில் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) 630 ரூபாய் இடித்தது, அதாவது இரண்டு பக்கமும் அவ்வளவு வேறுபட்டது. இரண்டு நாள் தேடினேன். மூத்த கணக்குப்பிள்ளை ஒருவர் வந்து, "630 ஒன்பதால் வகுபடுகிறதா?" என்று கேட்டார். வகுபட்டது. "அப்படியானால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், அதைத் தேடம்மா" என்றார். மின் கட்டணம் 1,810 ரூபாய். அதைப் பேரேட்டில் 1,180 என்று ஏற்றியிருந்தேன். பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. இன்றுவரை எந்த வித்தியாசம் வந்தாலும் முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்க்கிறேன்.

டாலியில் இந்த இடி வராது. இரண்டு பக்கமும் சமமாகாமல் அது பதிவையே ஏற்காது. அதனாலேயே ஆபத்து அதிகம். வண்டி வாடகையைப் பழுதுபார்ப்புச் செலவில் போட்டாலும் இருப்பாய்வு அழகாகச் சமமாகவே நிற்கும். அங்கே தவறைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள். ஆகவே திரையில் ஒரு எண்ணைப் பார்த்தால், அது எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் வேண்டும். நான் புதியவர்களை வேலைக்கு எடுக்கும்போது பார்ப்பது இதைத்தான்.

கோவை வாசகர் எக்செல் என்றார், முழுக்கச் சரி. எங்கள் வேலையில் ஒரு சம்பவம் சொல்கிறேன். மாதம் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் ஜி.எஸ்.டி.ஆர்-2பி என்ற பட்டியல் வரும். நமக்கு விற்றவர்கள் கணக்குக் காட்டிய பில்கள் அதில் இருக்கும். அதில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. நம் கொள்முதல் பட்டியலையும் அதையும் எக்செலில் வி-லுக்அப் (ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடும் வாய்பாடு) போட்டு ஒப்பிடுவோம். ஒரு மாதம் நாற்பது பில் பொருந்தவில்லை. பார்த்தால் முக்கால்வாசிக்கு பில் எண்ணின் கடைசியில் ஒரு வெற்றிடம் இருந்தது, வெற்றிடத்தை நீக்கும் டிரிம் வாய்பாடு போட்டதும் சரியாகிவிட்டது. சிலவற்றில் பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்து அடித்திருந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு பில் மிஞ்சியது. சாயப்பட்டறை பில், 3,69,000 ரூபாய், 5 சதவீத வரி 18,450 ரூபாய். எங்கள் முதலாளிக்கு ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு நிறுவனங்கள். பட்டறைக்காரர்கள் அந்த பில்லை மற்ற நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஏற்றிவிட்டார்கள். பட்டறைக் கணக்கரைத் தொலைபேசியில் அழைத்தேன். குரலை உயர்த்தவில்லை. பில் எண், தேதி, எங்கள் ஜி.எஸ்.டி. எண் மூன்றையும் எழுதி அனுப்பினேன். அடுத்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் (விற்பனையைக் காட்டும் படிவம்) திருத்திக் கொடுத்தார்.

இதில் எக்செல் பாதி வேலை செய்தது, ஒரு பண்பான தொலைபேசி அழைப்பு மீதியைச் செய்தது. கணக்கர் நாள் முழுக்கப் பிறரிடம் காகிதம் கேட்டு வாங்குபவர். அதைத் தமிழில்தான் செய்கிறோம். ஆங்கிலம் தேவை, ஆனால் முதலில் தேவைப்படுவது மேடைப் பேச்சு அல்ல. நான்கு வரியில் பிழையில்லாத மின்னஞ்சல் எழுதத் தெரிய வேண்டும், வரித் துறை நோட்டீஸைப் படித்தால் என்ன கேட்கிறார்கள், எந்தத் தேதிக்குள் கேட்கிறார்கள் என்று புரிய வேண்டும். தினம் ஒரு பக்கம் படித்தாலே ஒன்றரை ஆண்டில் வந்துவிடும்.

தேதிகளை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறருக்குப் பணம் கொடுக்கும்போது பிடித்த வருமான வரியை (டி.டி.எஸ்.) அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30). மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கு 11-ஆம் தேதி, வரி கட்டும் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-3பி-க்கு 20-ஆம் தேதி. வருங்கால வைப்பு நிதிக்கும் இ.எஸ்.ஐ.க்கும் (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 15-ஆம் தேதி. இவற்றைத் தவறவிட்டால் வட்டியும் அபராதமும் முதலாளியின் பையிலிருந்து போகும்.

இன்னொன்று. நான் வந்தபோது பழைய விற்பனை வரி இருந்தது. 2007 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தது, 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. படிவத்தை நிரப்ப மட்டும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது ஏன் கழிக்கிறோம் என்று வாட் காலத்திலேயே புரிந்துகொண்டவர்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. கல்லூரியில் ஆசிரியர் "ஏன்" என்பதை விளக்கும் வகுப்பைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

தணிக்கைப் பயிற்சியாளர், சேலம்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். "போன மாதத் தேதியில் ஒரு பதிவு போட்டுவிடு" என்று யாராவது சாதாரணமாகச் சொல்வார்கள். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடம் இருந்தே ஆக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. காரணமும் ஆதாரமும் இல்லாமல் எந்தப் பதிவையும் தொடாதீர்கள். மறுக்கும்போது மரியாதையோடு மறுக்கப் பழகுங்கள். அதற்குத் துணிச்சல் வேண்டும், முதல் முறை எனக்குக் கை நடுங்கியது.

சி.ஏ. (பட்டயக் கணக்கர் படிப்பு) பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பி.காம். பட்டத்தில் 55 சதவீதம் எடுத்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். புதிய திட்டத்தில் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு. உதவித்தொகை சிறிதுதான், வீட்டுச் சூழலை யோசித்து முடிவு செய்யுங்கள்.

கரூர் மாணவன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஒரு மாத வங்கி அறிக்கையையும் அவர் எழுதும் நோட்டையும் வாங்கி, பென்சிலோடு உட்கார்ந்தேன். வங்கி இருப்பு நோட்டை விட 950 ரூபாய் குறைவு. 950 ஒன்பதால் வகுபடவில்லை. டிக் செய்துகொண்டே வந்ததில் வங்கி பிடித்த கட்டணம் 590 ரூபாய் கிடைத்தது, நோட்டில் அது இல்லை. மீதி 360. ஒன்பதால் வகுபட்டது! திரும்பத் தேடினேன். சிமெண்டுக்காரருக்குக் கொடுத்த காசோலை 2,840 ரூபாய், பெரியப்பா 2,480 என்று எழுதியிருந்தார். இரண்டு மணி நேரம் ஆனது. பெரியப்பா இனி மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார்.

திருப்பூர் கணக்கர் அக்கா:

மிகவும் மகிழ்ச்சி தம்பி. அந்த 590-ஐ இன்னொரு முறை பாருங்கள். கட்டணம் 500, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 90 ரூபாயாக இருக்கும். பெரியப்பாவின் கடை ஜி.எஸ்.டி. பதிவு பெற்றதா, இணக்க வரித் திட்டத்தில் (சிறு வணிகர்களுக்கான எளிய திட்டம், இதில் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது) இருக்கிறதா என்று கேளுங்கள். வழக்கமான பதிவு என்றால், கடையின் எண்ணை வங்கியில் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கொடுத்திருந்தால் அந்த 90 ரூபாய் வங்கியின் பெயரில் 2பி-யில் வந்திருக்கும். அடுத்த ஞாயிறு அதைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.