‘ரெயின்’ ஓர் அசையா, இரண்டா? ஆங்கில ஹைக்கூ எழுதுகிறவர்கள் உதவுங்கள்

ஓய்வுபெற்ற ரீச்சர், வெள்ளவத்தை

முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்தவள் நான். வெண்பாவில் தளை தட்டினால் சமையலறையில் இருந்தே கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்குப் போன கிழமை சிவப்புப் பேனாவால் திருத்தம் வந்திருக்கிறது.

கதை இதுதான். தரம் 8 படிக்கும் பேத்திக்கும் எனக்கும் மாலையில் ஒரு போட்டி. பிளேன்டீ ஆறுவதற்குள் ஆளுக்கொரு குறும்பு ஹைக்கூ, ஆங்கிலத்தில். மூன்று வரி, 5-7-5 அசை. தோற்றவர் கோப்பைகளைக் கழுவ வேண்டும். கொழும்பில், காலி நகருக்குப் போகும் காலி வீதியில் குடையில்லாமல் நின்ற அன்று நான் எழுதியது கீழே இருக்கிறது. ஒலிப்பைக் காட்டத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

ஹண்ட்ரட் பஸ் இஸ் லேட்
மை அம்ப்ரெலா இஸ் அட் ஹோம்
ஹலோ, ஓல்ட் ரெயின்

100ஆம் இலக்க பஸ் வரவில்லை, குடையோ வீட்டில்; வா, பழைய மழையே. பேத்தி இதைத் தன் வகுப்புச் சுவர்ப்பத்திரிகைக்குக் கொண்டுபோனாள். அவளுடைய ஆங்கில ஆசிரியை மூன்றாம் வரியைச் சுற்றி வட்டமிட்டு, ஒன்று குறைகிறது என்று எழுதி அனுப்பிவிட்டார்.

நான் எண்ணும் முறையைச் சொல்லிவிடுகிறேன். யாப்பிலக்கண அசை இங்கே உதவாது என்பது எனக்கும் தெரியும். ‘தமிழ்’ நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக்காரர் கணக்கில் அது இரண்டு. ஆகவே கட்டளைக் கலித்துறை என்ற பாவகைக்குச் செய்வதைச் செய்தேன். அதில் ஒற்றெழுத்தை, அதாவது புள்ளி வைத்த மெய்யை, நீக்கிவிட்டுத்தானே எழுத்தெண்ணுகிறோம்? நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. (ஹைக்கூவுக்கும் மொத்தம் 17 என்று அறிந்ததும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை வந்தது, மறைக்க மாட்டேன்.) ஆங்கிலச் சொல்லைக் காதில் கேட்டபடி தமிழில் எழுதுவேன், புள்ளி வைத்த எழுத்தையெல்லாம் வெட்டுவேன், மிச்சத்தை எண்ணுவேன். ‘ஸ்ட்ரெங்த்’ என்ற பூதத்தில் கூட ‘ரெ’ ஒன்றுதான் மிஞ்சும். அகராதியும் ஒன்று என்கிறது. ஹ, லோ, ஓ, ரெ, யி: ஐந்து. எங்கே குறைகிறது?

கொட்டாஞ்சேனைத் தம்பி

ரீச்சர், உங்கள் முறை அருமை. பிழை முறையில் இல்லை, எழுத்துக்கூட்டலில் இருக்கிறது.

ஆங்கிலேயர் வாயில் ‘ரெயின்’ என்பது எ-யில் தொடங்கி இ-யை நோக்கி ஒரே மூச்சில் வழுக்கிப் போகும் ஒலி. ‘டைம்’ என்ற சொல்லிலும் இதே மாதிரி ஒரு வழுக்கல் இருக்கிறது, ஆனால் நம்மிடம் ஐ என்ற தனி எழுத்து இருப்பதால் அங்கே நீங்கள் தப்பிவிட்டீர்கள். இங்கே அப்படி ஓர் எழுத்து இல்லாததால் ‘யி’ என்று ஓர் உயிர்மெய்யைக் கூட்டி எழுதுகிறோம். ‘ரெய்ன்’ என்று எழுதிப் பாருங்கள். ‘யி’க்குப் பதிலாக ய் வந்ததும் அது வெட்டுப்பட்டுவிடும். ஆசிரியை சொன்னது சரி. வரியில் நான்குதான் இருக்கிறது. ‘ஹலோ, மை ஓல்ட் ரெய்ன்’ என்றால் ஐந்து ஆகிவிடும், மழையோடு உறவும் கொஞ்சம் கூடும்.

நான் மாலை வகுப்புகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களிடம் நாடிக்கு, அதாவது தாடைக்கு, கீழே கையை வைத்துச் சொல்லைச் சொல்லச் சொல்வேன். நாடி எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை அசை. ‘ஃபிலிம்’ என்ற சொல்லில் அதுவும் கவிழ்ந்துவிடும். ஆங்கிலத்தில் அது ஒன்று. நம் எல்லோருக்கும் நாடி இரண்டு முறை இறங்கும், ஏனென்றால் ல்-க்கும் ம்-க்கும் நடுவே ஓர் இகரத்தை நாமே செருகுகிறோம். ‘வெஜிடபிள்’ நமக்கு நான்கு, அகராதிக்கு மூன்றே போதும். புதன்கிழமை இன்னும் மோசம்: நாம் ‘வெட்னஸ்டே’ என்று மூன்றாகச் சொல்வதை அவர்கள் ‘வென்ஸ்டே’ என்று இரண்டில் முடிக்கிறார்கள். ‘ஃபயர்’, மணியைக் குறிக்கும் ‘அவர்’ போன்றவற்றை ஒன்றாகவும் இரண்டாகவும் சொல்ல இடம்விடும் அகராதிகள் உண்டு. போட்டியென்றால் அந்தச் சொற்களின் பக்கமே போகாதீர்கள்.

தெகிவளை வாசகி

ரீச்சர், ஜப்பான் மொழி கொஞ்சம் படித்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்லலாமா? உங்களைத் திருத்திய அந்தக் கணக்கு, 5-7-5ஐ அசையால் எண்ணுவது, ஜப்பானியருடையது அல்ல. அவர்கள் எண்ணுவது ஆங்கிலேயரின் அசையை அல்ல, ‘ஓன்’ என்ற ஒலியளவை. நம்முடைய மாத்திரைக்கு அது நெருங்கிய சொந்தம்.

தோக்கியோ நகரத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள இரண்டு ஓகாரமும் நெடில். அளபெடை போல ‘தோ-ஓ-க்யோ-ஓ’ என்று நான்காக எண்ணுவார்கள். ஆங்கில அகராதி மூன்று என்கிறது, அவசரமாகப் பேசுகிறவர் வாயில் இரண்டுதான். ‘ஹைக்கூ’ ஆங்கிலத்தில் இரண்டு, அங்கே ஹ-இ-கு என்று மூன்று. நம் மாத்திரையோடு எல்லாம் பொருந்திவிடாது. மெய்க்கு நாம் அரை கொடுக்கிறோம், அவர்கள் முழுதாக ஒன்று கொடுக்கிறார்கள். ‘நிப்போன்’ என்பதில் ப்-க்கு ஒன்று, ன்-க்கு ஒன்று, ஆக நான்கு. நீங்கள் வெட்டி எறியும் புள்ளியெழுத்துக்கெல்லாம் அங்கே சம மரியாதை!

அதனால் 17 ஜப்பானிய ஓனுக்குள் அடங்குவதைவிட 17 ஆங்கில அசைக்குள் கூடுதலான விஷயம் அடங்கும். ஆங்கிலத்தில் ஹைக்கூ எழுதுகிறவர்கள் பலர் 17ஐ விடக் குறைவாக எழுதுவது இதனால்தான். ஜப்பானின் ஹைக்கூ மேதை பாஷோவே காய்ந்த கிளையில் காகம் இருக்கும் தன் கவிதையில் நடுவரிக்கு 7 போதாமல் 9 எடுத்துக்கொண்டார். அவருக்கு யாரும் சிவப்பு வட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. பருவத்தை விட்டு மனிதரின் அசட்டுத்தனத்தைச் சிரித்துக் காட்டினால் அதற்கு அங்கே சென்ரியு என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கராய் சென்ரியுவின் பெயரால் வந்தது. உங்கள் மழைக் கவிதையை ஒக்டோபர், நவம்பர் மாலை மழையாக எடுத்துக்கொண்டால் ஹைக்கூ என்று வாதாடலாம். பேத்தி என்ன எழுதினாள் என்று சொல்லவே இல்லையே?

100இல் போகிறவன்

காலி வீதி என்றீர்கள். ஆங்கிலத்தில் அதை எழுதினால் எத்தனை? ஆங்கிலத்தில் ‘கோல்’, ஒன்று. தமிழில் ‘காலி’, இரண்டு. சிங்களத்தில் ‘கால்ல’, அதுவும் இரண்டு. பம்பலப்பிட்டி நமக்கு ஐந்து, ஆங்கிலத்தில் எழுதினால் கடைசியில் ஒரு ‘ய’ சேர்ந்து ஆறு. ஐந்தென்று வைத்தால் முதல் வரி முழுவதும் ஒரே சொல்லில் முடிந்துவிடும், பஸ்ஸில் இருந்து இறங்கிவிடலாம்.

ஓய்வுபெற்ற ரீச்சர், வெள்ளவத்தை

தம்பி, ஒப்புக்கொள்கிறேன். புள்ளி வைக்கத் தவறியதற்காக எத்தனை பிள்ளைகளின் அரை மதிப்பெண்ணை வெட்டியிருப்பேன்! ‘மை ஓல்ட் ரெய்ன்’ என்று திருத்திக் கொடுத்துவிட்டேன், இன்று சுவரில் ஏறிவிட்டதாம். ஆனால் ‘ஃபிலிம்’ என் வாயில் இரண்டுதான். அதை 67 வயதில் ஒன்றாக்குவதாக இல்லை. எங்கள் வீட்டுப் போட்டியில் எங்கள் வீட்டு வாய்தான் அகராதி.

தெகிவளைப் பிள்ளை, மாத்திரைக் கணக்கைக் கேட்டு மனம் நிறைந்துவிட்டது. அன்று பேத்தி எழுதியது இது:

ஃபிஷ் பன் இன் மை பேக்
த க்ரோ நோஸ் இட், ஐ நோ இட்
டீச்சர் டஸ் நொட் நோ

பையில் மீன் பணிஸ் இருப்பது காகத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னபடி சென்ரியுவேதான். வெட்டி எண்ணிப் பார்த்தேன்: ஐந்து, ஏழு, ஐந்து. அன்று கோப்பை கழுவியது நான். இதைச் சுவர்ப்பத்திரிகைக்கு மட்டும் கொண்டுபோக மாட்டாளாம், காரணம் கேட்காதீர்கள்.

100இல் போகிறவரே, நீங்கள் சொன்னதை வாசித்துக் காட்டியது என் பிழை. பம்பலப்பிட்டியை ஐந்தாக முதல் வரியில் வைத்து, கடைசி வரியில் வேண்டுமென்றே ‘ஃபயர்’ போட்டு நேற்று ஒன்று எழுதியிருக்கிறாள். இரண்டென்று எண்ணினால்தான் வரி நிறைகிறது. இரண்டு கோப்பையும் இன்னும் தொட்டிக்குள் கிடக்கின்றன. தம்பி, இடம்விடும் அகராதி எது என்று கொஞ்சம் சொல்லுங்கள், அவளுக்குத் தெரியாமல்.