புதுப்பிப்பு: பீத்தோவன் இசைக்கு வந்த உரிமைக் கோரிக்கை

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: என் வீடியோவின் பின்னணியில் பீத்தோவனின் பியானோ இசையை வைத்தேன், உடனே உரிமைக் கோரிக்கை வந்தது, 1827இல் இறந்தவரின் இசைக்கு யார் சொந்தம் கொண்டாடுவது என்று. தப்பு என் மேல்தான். (அதைக் காப்புரிமை என்று எழுதியிருந்தேன். அது பேட்டன்ட், கண்டுபிடிப்புகளுக்கானது. இது பதிப்புரிமை, இசை, எழுத்து போன்ற படைப்புகளுக்கானது. திருத்தியவர்களுக்கு நன்றி.)

ஒரு பாட்டுக்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. மெட்டின் உரிமை பல நாடுகளில் படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி குறைந்தது 50 ஆண்டு. பீத்தோவனுக்கு அது என்றோ முடிந்துவிட்டது. ஆனால் நான் எடுத்தது சமீபத்தில் ஒரு கலைஞர் வாசித்த பதிவு. அதன் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது.

'30 விநாடிக்குள் என்றால் பரவாயில்லை' என்று சிலர் சொன்னீர்கள். அப்படி ஒரு பொது விதியே இல்லை. பெயர் போட்டு நன்றி சொல்வதும் அனுமதி ஆகாது. அப்புறம், இப்போதைய பாட்டை நாமே பாடிப் பதிந்தாலும் மெட்டுக்கு அனுமதி வேண்டும்; ஒலிப்பதிவுச் சிக்கல் மட்டும்தான் தீரும்.

கடைசியில் அந்தப் பதிவை எடுத்துவிட்டு நானே வாசித்துப் போட்டேன். இரண்டு இடத்தில் விரல் தடுக்கியிருக்கிறது. நான் வாசித்த ஒலிப்பதிவின் உரிமை என்னுடையது, எங்கேயும் ரிஜிஸ்டர் செய்யாமலே.