பிள்ளையார் நோன்பன்று வீட்டில் இல்லாத மருமகள்

கண்டனூர் மருமகள்:
எங்கள் நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்புக்காக, திருக்கார்த்திகையிலிருந்து 21 நாளும் நாளுக்கு ஒரு நூலாக எடுத்து வைத்தேன். நோன்பன்று சாயங்காலம் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. வாரம் இரண்டு நாள் நான் போய்ப் பார்க்கிற, படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு மூச்சு இழுக்கிறதாம். அவர் மகள் தனியாக இருந்தார். கையைக் கழுவிவிட்டுப் போனேன். திணறல் அடங்கி நான் திரும்பியபோது மணி 10. எல்லாரும் அந்த நூல்திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டு இழை எடுத்து, சாப்பிட்டும் முடித்திருந்தார்கள். மாமியார் மட்டும் சாப்பிடாமல் முகப்பில் உட்கார்ந்திருந்தார். "ஊர்ப் பாட்டிக்குப் போக ஆள் இருக்கு, வீட்டுப் பிள்ளையாருக்குத்தான் ஆள் இல்லை" என்றார். கணவர் சிங்கப்பூரில், மகன் 12ஆம் வகுப்பு. இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு மனநல ஆலோசனை பட்டயப் படிப்புக்கும் படிக்கிறேன். இதில் எதை விடுவது?

தேவகோட்டை வாசி:
தங்கச்சி, மனசு நோகாமல் கேளுங்கள். வருஷத்தில் ஒரே ஒரு இரவு அது. சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில், எந்த ஊரில் பிழைத்தாலும் நம்மவர்கள் ஒன்றுகூடி இழை எடுக்கிறார்கள். அதை விட்டால் வீட்டில் எதைப் பிடித்து நிற்போம்? தர்மம் நம் ரத்தத்திலேயே இருக்கிறது. காசியில் நகரத்தார் சத்திரம் வைத்தது 1813இல். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. கொடுத்துச் செய்வதுதான் நம் வழி. ஒரு ஆளுக்குச் சம்பளம் போடுங்கள். அரசாங்கமும் 2021லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே ஆள் அனுப்புகிறது. நீங்களே போய்த்தான் ஆக வேண்டுமா?

காரைக்குடி செவிலி:
அண்ணே, 30 வருஷம் வார்டில் இருந்தவள் சொல்கிறேன். காசு தண்ணீர் மெத்தை வாங்கித் தரும், வாங்கினதும் உண்டு. ஆனால் மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வால் எலும்புப் பக்கம் தோல் நிறம் மாறும், விரலால் அழுத்தினாலும் அந்த நிறம் வெளுக்காது. புண் அங்கேதான் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் எலும்பு தெரிகிற அளவுக்குப் போகும். அரசாங்க ஆள் வந்து கட்டு மாற்றுவார், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டாமா? ஒரு தடவை நான் கூடப் போயிருந்தேன். ஆளைப் பிடித்து இழுக்காமல், கீழே துணியைப் போட்டு, துணியோடு சேர்த்து எப்படித் திருப்புவது என்று கண்டனூர் ஆச்சி அந்த மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தேன். வாரம் இரண்டு நாள்தான் போகிறார், மிச்சம் ஐந்து நாளும் மகளே பார்த்துக்கொள்கிறார். சம்பளத்துக்கு வருகிற ஆள் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லித் தருவாரா?

ஆத்தங்குடிப் பையன்:
செவிலி அக்கா சொல்வது எல்லாம் சரி. ஆனால் எனக்கு வேறு ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மாவும் இப்படித்தான். எந்த வீட்டில் பிரசவம், எந்த வீட்டில் சாவு என்றாலும் முதலில் நிற்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பெரிய கதவு பூட்டியிருக்கும். திண்ணையில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எப்போது வருவார் என்று தெரியாது. அம்மாவை ஊரே கும்பிட்டது. எனக்கு இன்றைக்கும் பூட்டிய கதவைப் பார்த்தால் வயிறு பிசையும். 12ஆம் வகுப்புப் பையன் வாயைத் திறந்து சொல்ல மாட்டான்.

பள்ளத்தூர் பேத்தி:
எங்கள் அப்பத்தா காலத்தில் ஆம்பளைகள் பர்மாவில் இருக்க, பெண்கள்தான் வரவு செலவு, கோயில், விசேஷம் எல்லாம் பார்த்தார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் அன்றைக்கு ஒரு வளவுக்குள், ஒரே வீட்டு முற்றத்தைச் சுற்றி, எத்தனை புள்ளி, எத்தனை குடும்பம்! ஒருத்தி வெளியே போனால் அடுத்தவள் உலை வைப்பாள். இப்போது அதே பெரிய வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். பத்துக் கை செய்த வேலையை ஒரு கை செய்யச் சொல்லிவிட்டு, பக்தி குறைந்துவிட்டது என்றால் எப்படி? அந்த ராத்திரி பங்காளி வீட்டிலிருந்து ஒருவராவது பாட்டி வீட்டுக்குப் போயிருக்கலாம், அல்லது மாமியாரைச் சாப்பிட வைத்திருக்கலாம்.

தேவகோட்டை வாசி:
கை குறைந்தது உண்மைதான். ஆளுக்குச் சம்பளம் போடுங்கள் என்று நான் எழுதியது போதாது, செவிலி அம்மா சொன்னது புரிகிறது. ஆனால் நோன்பு விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. அந்த மாமியாரும் சாப்பிடாமல் காத்திருந்தாரே, அதுவும் ஒரு உயிர்தானே?

காரைக்குடி செவிலி:
எங்கள் வீட்டில் அந்த நோன்பு கிடையாது. அடுத்த வருஷம் அன்றைக்கு மட்டும் போன் எனக்கு வரட்டும் ஆச்சி.

கண்டனூர் மருமகள்:
ஆத்தங்குடித் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டு மகனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போங்கம்மா. எப்ப வருவீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றான். இத்தனை நாள் நான் அதைச் சொன்னதே இல்லை. இனி சமையற்கட்டுப் பலகையில் நேரம் எழுதி வைப்பேன். படிப்பை விடப் போவதில்லை, பரீட்சையை மட்டும் அவன் பரீட்சை முடிந்த பிறகு எழுதுகிறேன்.

துணி போட்டுத் திருப்புவதை நான் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தது மாமியார் காதில் விழுந்திருக்கிறது. நோன்பைப் பற்றி என்னிடம் இன்னும் பேசவில்லை. இன்று காலை அவருடைய பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை நாலாக மடித்துக் கொண்டுவந்து என் பைமேல் வைத்தார். "இது தாங்கும்" என்றார்.