வேலைக்கு நடுவே எழுதும் அம்மாமார்: உங்கள் அனுபவம்?

கொழும்பு, கொட்டாஞ்சேனையிலிருந்து:

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் யாரையும் என்ன சமயம் என்று கேட்பதில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதும் நேர்த்திக்காகப் போயிருந்தேன். மெழுகுதிரி ஏற்றிவிட்டு வாங்கில் இருந்து கொப்பியில் எதையோ கிறுக்கிக்கொண்டிருக்க, நெற்றி நிறையத் திருநீறோடு ஓர் அம்மா வந்தார். ஜிந்துப்பிட்டியாம். "மகள், எனக்கும் அவருக்கு ஒரு துண்டு எழுதித் தாங்களேன், கண்ணாடி வீட்டில கிடக்குது" என்றார். கண்ணாடிதான் காரணமா என்று நான் தோண்டவில்லை.

மகன் கட்டாரில். காசு, வேலை என்று ஏதாவது கேட்பார் என்று பேனையைத் திறந்தேன். அவர் சொன்னது இதுதான்: "அவன்ட ரூமில ஏசி பழுது. முதலாளி மனசு வைக்க வேணும். அப்புறம், ராவில என்னை நினைச்சு அழக்கூடாது." நான், "புனித அந்தோனியாரே, தாழ்மையுடன் உம்மை மன்றாடுகிறேன்" என்று தொடங்கி வாசித்துக் காட்டினேன். "அது வேணாம் மகள். இப்படி எழுதினா நான்தான் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்காது." சரி என்று வேறு துண்டு எடுத்து, ஏசியில் இருந்தே தொடங்கினோம்.

அதற்குப் பிறகு பங்குப் பத்திரிகைக்கு எழுதும்போதெல்லாம் முதல் பந்தியை வெட்டிவிடுகிறேன். ஏன் இவ்வளவு கட்டையாக எழுதுகிறீர்கள் என்று பாதர் கேட்டார். இந்தக் கதையை அவரிடம் சொல்லவில்லை.

மட்டக்குளியிலிருந்து:

அதே கோயிலைப் பற்றித்தான் நானும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்த பிறகு எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே விஷயம்: நீங்கள் எழுதுகிறவர்தானே, நம்பிக்கை பற்றி ஒரு பக்கம் தாருங்கள். கொடுக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குத் தினமும் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசலில் நின்றுவிட்டு வந்து நம்பிக்கை பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஜூனில் கோயில் திரும்பத் திறந்த பிறகும் வரவில்லை. சோறுதான் கொடுத்தேன், அதில் எனக்குக் குறையுமில்லை.

வெள்ளவத்தையிலிருந்து:

நாங்கள் மெதடிஸ்த சபை, நேர்த்தி வைக்கிற பழக்கமில்லை. என் கதை சமையல் கேஸ் கியூவில் நடந்தது. 2022, பொருளாதார நெருக்கடியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள், ஆகவே மகளின் பழைய கொப்பியின் பின்பக்கம்தான் எனக்கு. வெறும் சிலிண்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நத்தார் நாடகத்தை எழுதிக்கொண்டிருந்தேன். (டிசம்பருக்கு நிறைய நாள் இருந்தது. ஆனால் பிள்ளைகள் தொல்லையில்லாமல் இவ்வளவு நேரம் வேறு எங்கே கிடைக்கும்?)

பின்னால் நின்ற சிங்கள அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பேரைச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அடுத்தவரும் பேரைச் சொன்னார். அப்போதெல்லாம் கியூவில் யாராவது ஒருவர் பேர் எழுதி நம்பர் கொடுப்பார் அல்லவா, என்னை அந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். மறுக்கப் போனால் சண்டை வரும். மேய்ப்பர்களின் வசனத்துக்குக் கீழே கோடு போட்டு, பேர்களை எழுதத் தொடங்கினேன். சிலிண்டர் லொறி வந்ததும் அந்தப் பட்டியல்படிதான் ஆட்களை விட்டார்கள். என் பேரை எழுதாததால் நான் கடைசியில்!

அந்த வருட நாடகத்தில் மேய்ப்பர்கள் கையில் நம்பர் துண்டோடு வந்தார்கள். சபையில் பெரியவர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை, வேதத்தில் அப்படி இல்லையாம். "குடிமதிப்புக்குப் பேர் பதியத்தானே ஐயா யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்குப் போனார்கள், அங்கே கியூ இருந்திருக்காதா?" என்று கேட்டேன். லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து ஒருமுறை பார்த்தார். "சரி, துண்டைக் கொஞ்சம் சின்னதாக வெட்டுங்கோ" என்றார்.