புதுப்பிப்பு: அறுவைக்குப் பின் கருத்தடை மாத்திரை பலிக்குமா? விடை கிடைத்தது

பித்தப்பை அறுவையின்போது தந்த மயக்க மருந்தால் கருத்தடை மாத்திரையின் பலன் குறையுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. மயக்க மருந்தை விட்டுவிட்டு, தெளிவிக்க எதைப் போட்டார்கள் என்று விசாரிக்கச் சொன்ன சகோதரியின் யோசனைதான் பலித்தது.

களியக்காவிளையிலிருந்து மீண்டும் திருவனந்தபுரம் சென்று மயக்கக் குறிப்புத்தாளைக் கேட்டு வாங்கினேன். அதன் கடைசி வரியில், கோழிக்கிறுக்கலாக, ‘சுகாமாடெக்ஸ்’ என்றிருந்தது. தசையைத் தளர்த்தும் ரோகுரோனியத்தைப் பிணைத்து முடக்கும் அம்மருந்து, கருத்தடை மாத்திரையிலுள்ள புரோஜெஸ்டோஜென் என்ற ஹார்மோனையும் பிணைத்துக்கொள்வதால், ஒரு நாள் மாத்திரையைத் தவறவிட்டதற்கு அது சமம் என்றும், 7 நாட்களுக்கு ஆணுறை போன்ற ஹார்மோன் அல்லாத முறையும் தேவை என்றும் மருத்துவர் விளக்கினார். கருத்தடைக்காக ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வோருக்கும் அதே 7 நாட்கள்தான்.

எதிர்பாராதது, டிஸ்சார்ஜ் தாளில் இதுபற்றி ஒரு சொல்லும் இல்லாததே. நான் அறிவதற்குள் கெடு கடந்துவிட்டது. நல்லவேளையாக அந்நாட்களில் அம்மா வீட்டில் ஓய்விலிருந்தேன்.